வாட் கூடினால் மின்தடையும் கூடுமா?

‘அயர்ன் பாக்ஸின் மின்தடை குண்டு பல்பைவிட அதிகம், அதனால்தான் அத்தனை சூடு’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (மின்தடை என்றால் இங்கே கரண்ட் கட் அல்ல, மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு.) உண்மை நேர் எதிர்.

வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ அதனால் வகுத்தால் மின்தடை ஏறக்குறைய 53 ஓம். 100 வாட் பல்புக்கு 0.435 ஆம்பியர்தான், மின்தடை 529 ஓம்.

கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும், மின்னோட்டம் மாறாத தொடர் இணைப்பில் தடை கூடினால் சூடு கூடும், சரி. வீட்டில் எல்லாமே பக்க இணைப்பு, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பாதை; மாறாதது மின்னழுத்தம். தடை குறைந்தால் மின்னோட்டம் ஏறும், திறனும் (வாட்) ஏறும்.

அப்புறம், அணைந்த பல்பை மல்டிமீட்டரில் அளந்துவிட்டு ‘40 ஓம்தான் காட்டுது’ என்று சண்டைக்கு வராதீர்கள். டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது தடை மிகக் குறைவு, எரியும்போதுதான் 529.