ஏழாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டோம்

சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு வட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்: இரண்டு தோழிகளைப் பற்றிய சிறுவர் நாவல் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டோம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அதே பேச்சு. பெற்றோர் எல்லாரும் இருக்கும் இடம், வேண்டாம் என்று அங்கே வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி தூக்கம் வராததால் இங்கே எழுதுகிறேன்.

"பதினோரு வயசுப் பிள்ளைங்களுக்குப் போராட்டம் சொல்லித் தர்ற கதை எதுக்கு?" என்று அண்ணன் ஒருவர் கேட்டார். அக்கறையில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். "முழுசாப் படிச்சீங்களா அண்ணே?" என்றேன். பின்னட்டையைப் பார்த்தாராம். பின்னட்டையை மட்டும் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஏழு அத்தியாயம் வாசித்த பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டோம்.

படித்துவிட்டுப் பேசுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

விளையாட்டுத் திடலை இடிக்கப் போகிறார்கள் என்று இரண்டு தோழிகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது அந்த நாவலில் முப்பது பக்கம்கூட வராது. மற்றதெல்லாம் ஒருத்தி பயந்து பின்வாங்கியதும் இருவருக்கும் பேச்சு நின்றுபோவதைப் பற்றியது. பிள்ளைகள் அழுததும் அந்த இடத்தில்தான். திடலுக்காக யாரும் அழவில்லை.

எனக்கு அது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் நான் தொடக்கநிலை 5. பள்ளி வாசலில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, விற்கும் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருப்பார். பழைய நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை தருவார். காசு இல்லாத நாளிலும் தருவார். ஒருநாள் அவரை அங்கே உட்காரக் கூடாது என்றார்கள். நானும் என் தோழியும் அரைகுறை ஆங்கிலத்தில் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி, வகுப்பில் 34 பேரிடம் கையெழுத்து வாங்கினோம். "யார் எழுதியது?" என்று ஆசிரியர் கேட்டபோது அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள். அன்று முழுக்க நான் நின்றேன், அவள் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு ஒரே பள்ளிப் பேருந்தில் ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் போய்வந்தோம். அவளும் என்னைப் போலக் குழந்தைதான், பயந்துபோனாள் என்று எனக்கு உறைக்கவே இருபது வருஷம் ஆனது. அன்றைக்கு இப்படியொரு நாவல் யாராவது என் கையில் கொடுத்திருந்தால்!

"சிங்கப்பூர்ல சட்டம் இருக்கு, பிள்ளைங்க மாட்டிக்குவாங்க" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். சட்டம் எனக்கும் தெரியும் அக்கா. கூட்டம் போட்டுப் பேசவென்றே ஒதுக்கிய ஹோங் லிம் பூங்கா பேச்சாளர் முனைக்கு வெளியே நினைத்த இடத்தில் கூட்டம் போட முடியாது. இந்தக் கதையில் கூட்டமே இல்லை. கடிதம் எழுதுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசுகிறார்கள். நிஜத்திலும் அப்படி நடந்ததுண்டு. புலாவ் உபின் தீவில் செக் ஜாவா கரையை மண் கொட்டி மூடுவதாக இருந்தது. ஆர்வலர்கள் போய்ப் பார்த்து, படமெடுத்து, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசி நேரத்தில், 2001 இறுதியில், அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. இன்று நாமே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் கடல் நட்சத்திரத்தைத் தேடச் சொல்கிறோம்.

பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருடத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு என்ன சொல்ல? வாரம் ஒரு மணி நேரம். அதுவும் தமிழில்.

கதையில் அந்தப் பெண் அம்மாவிடம் பொய் சொல்கிறாள் என்ற குறை சரி. அது எனக்கும் உறுத்தியது.

பிள்ளைகளைப் பேசவிடுவது நம் சமூகத்துக்கு என்றைக்கிலிருந்து ஆகாமல் போனது? ஐம்பதுகளிலேயே நம் ஊர் நாளிதழ் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கி எழுத வைத்தவர் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அங்கே எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் இந்த ஊரின் எழுத்தாளர்கள் ஆனார்கள். இன்று நூலகத்துத் தமிழ் அலமாரியில் என் மகளுக்கு நான் எடுத்துத் தருவது தெனாலிராமன், பஞ்சதந்திரம், மறுபடி தெனாலிராமன். ஏழு வயதில் ரசித்தாள். பதினொன்றில் எதிர்ப்பக்க ஆங்கில அலமாரிக்குப் போய்விடுகிறாள். அவள் வயதுப் பெண் கோபப்படுகிற, தோழியை இழக்கிற கதை அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒன்று தமிழில் வந்தால் அதையும் பிடுங்கிவிட்டு, பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடையில் வருத்தப்படுகிறோம். எனக்குக் கோபம் வருகிறது. மன்னியுங்கள், வருகிறது.

சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, அவங்க ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்துடுவாங்களா?" எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில், செஸ் மேசைப் பக்கம், எட்டாவது அத்தியாயத்திலிருந்து வாசிக்கிறோம். வட்டத்தின் பெயரில் இல்லை, என் பெயரில். பிள்ளைகளை அனுப்ப விருப்பம் உள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அந்த அண்ணனும் வரலாம். புத்தகம் என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.