வேலூரில் இலை உதிரும் மாதம்

வேலூர் வெயிலைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னாலும், "அங்கே வாசலில் பனி அள்ளிக் கொட்டியதெல்லாம் மறந்துவிட்டதா?" என்று கேட்கும் உறவினர்கள் எங்களுக்கு உண்டு. வயதான பெற்றோருடன் இருக்க வேண்டும் என்று நாங்களே விரும்பித்தான் கனடாவின் டொரோண்டோவிலிருந்து வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பினோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த ஊரின் இலையுதிர்காலத்துக்காக மனம் ஏங்குகிறது. அதைச் சொந்த ஊரின்மீது வெறுப்பு என்று யாரும் கொள்ள வேண்டாம்.

செந்நிற மேப்பிள் மரங்களைவிட அந்தக் காற்றைத்தான் நான் அதிகம் தேடுகிறேன். கோடைப் புழுக்கம் விலகி, கடுங்குளிர் இன்னும் வந்து சேராத அந்தச் சில வாரங்களில், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டு மகளைப் பள்ளிக்கு நடத்தியே அழைத்துச் செல்வேன். நண்பகலிலும் பூங்காவில் அமர்ந்து சாப்பிடுவோம். இங்கே மாசி முடிந்துவிட்டால், காலை பத்து மணிக்குமேல் பிள்ளைகளை வெளியே விட மனம் வருவதில்லை. ஊரைச் சூழ்ந்த குன்றுகளின் பாறை பகலெல்லாம் காய்ந்து, இருட்டிய பின்னும் அனல் விடுகிறது. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியாததால், 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளையே அரசு தள்ளித் திறந்தது. பிள்ளைகளின் விளையாட்டு வயதில் பெரும்பகுதி மின்விசிறிக்கு அடியில் கழிகிறதே என்பது ஒரு தாயாக எனக்குத் தீராத வருத்தம்.

"இங்கே மரமெல்லாம் எப்போம்மா சிவக்கும்?" என்று மூத்தவள் கேட்டபோதுதான் நான் நம் மரங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். டொரோண்டோவில் கோடையின் நடுவில் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். பகல் குறுகி இரவு குளிரும்போது மரம் இலையின் பச்சையத்தைச் சிதைத்துச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவே உருவாகிறது. வேலூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நம் மரங்கள் பெரும்பாலும் வறட்சிக்கு அஞ்சியே இலையை உதிர்க்கின்றன. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனைந்து பச்சை கட்டி நிற்கும் மரங்கள், தை பிறந்த பிறகே வெளுக்கத் தொடங்குகின்றன.

முதலில் பாதாம் மரம். அதன் அகன்ற இலைகள் உதிரும் முன் நன்றாகவே சிவக்கின்றன. எங்கள் தெருவில் மேப்பிளை எனக்கு நினைவூட்டும் மரம் அது ஒன்றுதான். பிறகு வேம்பு மஞ்சளாகிக் கொட்டி, சித்திரைப் பிறப்புக்குள் பூத்துவிடுகிறது. அரச மரம் இலை உதிர்த்த சில நாட்களிலேயே செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. மாந்தளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே செந்நிறத்தை அதிகம் காட்டுவது பழுத்த இலையைவிடப் புதுத் தளிர்தான் என்பதை, இதே ஊரில் வளர்ந்தும் நான் ஊன்றிப் பார்த்ததில்லை. பருவங்களைக் கற்பிக்கும் பள்ளிகள் மேப்பிள் இலையை வரையச் சொல்வதற்குப் பதிலாக, மாசி மாதத்தில் பிள்ளைகளை ஓர் அரச மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்பது என் உறுதியான கருத்து.

இவையெல்லாம் அந்த அக்டோபருக்கு ஈடாகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். காற்றின் அளவில் அதற்கு ஓரளவு அருகில் வருபவை மார்கழி, தை மாதக் காலைகள் மட்டுமே. அந்த அருமையான நாட்களைத்தான் நாம் அரையாண்டுத் தேர்வுக்கும் பயிற்சி வகுப்புக்கும் கொடுத்துவிடுகிறோம். தேர்வை என்னால் மாற்ற முடியாது. விடுமுறையில் பயிற்சி வகுப்பு வேண்டாம் என்று இந்த ஆண்டு வீட்டில் முடிவு செய்துவிட்டோம். காலையில் கோட்டை அகழியோரம் நடை, ஒரு நாள் அமிர்திக் காடு, ஒரு நாள் ஏலகிரி. தாத்தாவும் பாட்டியும்கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.