ஊரைக் கட்டினவன் ஊருக்குள்ள வரணும்ல

மெட்டாவர்ஸ், அதான் கம்ப்யூட்டருக்குள்ள கட்டி வச்ச, ஜனங்க உள்ள போய் நடமாடற உலகம், அது ஊத்திக்கிச்சுன்னு மறுபடியும் ஒரு ரவுண்டு மீம் ஓடுது. ஓடட்டும். ஆனா ஊத்திக்கிட்டது எது, 20 வருஷம் தாண்டியும் நிக்கறது எதுன்னு யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல, எல்லாத்தையும் ஒரே குப்பைத்தொட்டில போட்டுட்டு அடுத்த மீமுக்குப் போயிடறாங்க.

2022 பிப்ரவரில நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு கல்யாணம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? தாலி கட்டினது ஊர்ல, ரிசப்ஷன் மெட்டாவர்ஸ்ல. பொண்ணோட தவறிப்போன அப்பாவுக்கு ஒரு அவதார், அதாவது அந்த உலகத்துக்குள்ள ஆளுக்குப் பதிலா நிக்கற பொம்மை உருவம், பண்ணி அவரையும் வரவேற்பில நிக்க வச்சிருந்தாங்க. நாடு பூரா நியூஸ் ஆச்சு. அதை கிண்டல் பண்ணவங்க நிறைய பேரு, எனக்கு என்னமோ கிண்டல் பண்ணத் தோணல, கொரோனா நேரத்துல கூட்டம் சேக்க முடியாம கெடந்தவங்களுக்கு அது ஒரு வழி. ஆனா ரிசப்ஷன் முடிஞ்சுது, எல்லாரும் லாகவுட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் அங்க போய் உக்காந்து யாரும் கதை பேசப் போறதில்ல. வந்து போற எடம் வேற, குடியிருக்கற எடம் வேற.

குடியிருக்கற எடம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது செகண்ட் லைஃப் தான். ஃபிலிப் ரோஸ்டேல்னு ஒருத்தர் 1999ல சான் ஃபிரான்சிஸ்கோல லிண்டன் லேப்னு கம்பெனி ஆரம்பிச்சு 2003 ஜூன்ல இன்டர்நெட்ல தொறந்து விட்ட உலகம். கேம்னு சொல்லுவாங்க, ஆனா ஜெயிக்கறதுக்கு அதுல ஒன்னுமே இல்ல. வீடு, சட்டை, தலைமுடி, பைக்கு எல்லாமே பெரும்பாலும் அங்க இருக்கறவங்களே செஞ்சு அவங்களுக்குள்ள வித்துக்கறது, லிண்டன் டாலர்னு அந்த உலகத்துக்குள்ள ஓடற காசுல வாங்கி நிஜ டாலரா மாத்திக்கலாம். அமெரிக்க கேன்சர் சொசைட்டிக்கு நிதி திரட்ட வருஷா வருஷம் அவதார் எல்லாம் சேர்ந்து நடைப்பயணம் போவாங்க, அதுல வர்ற காசு நிஜக் காசு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் ஆரம்ப வருஷத்துலயே நடந்த வரி சண்டை. அப்ப நீங்க செஞ்சு வைக்கற ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டணும். நம்ம போச்சம்பள்ளி சந்தைல எடத்துக்கு சுங்கம் வாங்காம கூடைல இருக்கற கத்திரிக்கா ஒன்னொன்னுக்கும் சுங்கம் கேட்டா எப்படி இருக்கும், எவன் கூடை தூக்கிட்டு வருவான்? அமெரிக்கானான்னு ஒரு ஏரியா, அங்க அமெரிக்காவோட பேர்போன கட்டடங்களை எல்லாம் கட்டிட்டிருந்த கூட்டத்துக்கு வரி எகிறிப்போச்சு. அவங்க அந்தக் காலத்துல பிரிட்டிஷ்காரன் வரிய எதிர்த்து தேயிலைய கடல்ல கொட்டின பாஸ்டன் தேநீர் கலகம் மாதிரியே பெரிய பெரிய தேயிலைப் பெட்டிய ஊர் பூரா அடுக்கி வச்சு கலாட்டா பண்ணிட்டாங்க. கம்பெனி யாரையும் தூக்கி வெளிய போடல. வரிய எடுத்துட்டாங்க, 2003 நவம்பர்ல நீ செஞ்சதுக்கு உரிமை உனக்கேன்னு அறிவிச்சாங்க, அப்புறம் நிலத்துக்கு மட்டும் வாடகைன்னு மாத்திக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த கம்பெனிக்கு சோறு போடறதுல பெரிய பங்கு அந்த நில வாடகைதான். யோசிச்சுப் பாருங்க, கம்பெனியோட பிசினஸ் மாடலையே கலகம் பண்ணவங்க திருத்திக் குடுத்திருக்காங்க.

கம்பெனியால அப்படி காது குடுத்துக் கேக்க ஏன் முடிஞ்சுதுன்னா, முதலாளியும் வேலையாளும் உள்ளயே நடமாடினாங்க. அங்க வேலை பாக்கறவங்க அவதார் பேருக்குப் பின்னாடி லிண்டன்னு இருக்கும், ரோஸ்டேல் உள்ள ஃபிலிப் லிண்டன். ரோட்ல பாத்தா நிறுத்தி திட்டலாம். அப்புறம் ஆள் மாறி ஆள் வந்தாங்க, 2010ல ஆள்ல 30 சதவீதத்தை வீட்டுக்கு அனுப்பினாங்க, காலேஜுங்களுக்கு இருந்த தள்ளுபடியையும் நிறுத்தினாங்க, உள்ள கட்டடம் கட்டி வகுப்பு நடத்திட்டிருந்த வாத்தியாருங்க பல பேரு மூட்டை கட்டிட்டாங்க. தள்ளுபடிய 2013ல திருப்பிக் குடுத்தாங்க, ஆனா போனவங்க எல்லாரும் வந்துருவாங்களா என்ன.

2014ல தலைவரா வந்த எப்பே ஆல்ட்பர்க் திரும்பவும் உள்ள வந்து ஜனங்களோட பேச ஆரம்பிச்சாரு. அவரு ஒன்னும் தப்பே பண்ணாத ஆளு இல்ல, வந்த வருஷமே சான்சார்னு வேற ஒரு உலகம் கட்டறோம்னு சொல்லி இருக்கறவங்க வயித்துல புளியக் கரைச்சாரு, அந்த சான்சாரை 2020ல வித்தும் ஆச்சு. ஆனாலும் 2021ல அவரு இறந்தப்ப செகண்ட் லைஃப் ஆளுங்க சொந்த வீட்டு சாவு மாதிரி அஞ்சலி செஞ்சாங்க. திட்டினவங்களும் தான். எந்த கம்பெனி சிஇஓ செத்தா கஸ்டமர் அழுவான், சொல்லுங்க?

ஐஸ்லாந்துக்காரங்களோட ஈவ் ஆன்லைன், விண்வெளில கப்பல் ஓட்டற கேம், அதோட கதை இன்னும் காரம். அங்க 2008லேந்து ஆடறவங்களே ஓட்டுப் போட்டு ஒரு கவுன்சில் தேர்ந்தெடுக்கறாங்க, அவங்க கம்பெனிக்கிட்ட பேசுவாங்க. 2011ல அவதாருக்கு மாட்டற ஒரு கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல விலை வச்சாங்க, அதே நேரத்துல கம்பெனிக்குள்ள சுத்தின ஒரு பத்திரிகை வெளிய கசிஞ்சுது, பேராசை நல்லதான்னு கேக்கற தலைப்போட. அவ்ளோதான், ஆயிரக்கணக்குல கப்பல கொண்டாந்து நடு சந்தைல இருந்த சிலைய சுட ஆரம்பிச்சுட்டாங்க. கவுன்சில் ஆளுங்கள அவசரமா ஐஸ்லாந்துக்குக் கூப்பிட்டுப் பேசி, அந்த வருஷம் அக்டோபர்ல சிஇஓ ஹில்மார் பெட்டுர்சன் பகிரங்கமா மன்னிப்பு கேட்டு லெட்டர் போட்டாரு. லெட்டர்ல சப்பைக்கட்டு கட்டல, தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு ஒத்துக்கிட்டாரு.

நம்ம பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா இதே வேலைய அவங்களும் செஞ்சிட்டுதான் இருக்காங்க. பாலக்கோட்ல என் அக்கா பையன், 2020ல பப்ஜிய தடை பண்ணதும் வேற ஒரு கேமுக்குப் போனான், பேரு வேணாம். ராத்திரி மொட்டை மாடில சிக்னல் பாத்து உக்காந்து ஹெட்செட்ல கில்டு பசங்களோட, அதான் சேர்ந்து ஆடற குழு, பேச்சு. லீடர் மொரப்பூர் பையன், பாலிடெக்னிக் படிக்குது. ஒரு நாள் அந்த லீடரோட வாய்ஸ் நோட்ட அக்கா பையன் போட்டுக் காட்டினான்: "பத்தாவது பசங்க எவனாச்சும் பரிட்சை முடியறவரைக்கும் ஒம்போது மணிக்கு மேல ஆன்லைன்ல இருந்தீங்க, கிக் தான், அப்புறம் அண்ணா அண்ணான்னு வராதீங்க." எங்க அக்கா சொல்லி கேக்காதவன் அதைக் கேட்டான், அக்காவுக்கு அதுல ஒரு பக்கம் சந்தோஷம் ஒரு பக்கம் கடுப்பு. சேலத்துல ஒரு பையனோட அப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டப்ப ஆள் புடிச்சுக் குடுத்ததும் இதே கில்டு தான். அப்பேர்ப்பட்ட கூட்டத்துல ஒருத்தன் ஐடிய கம்பெனி தூக்கிருச்சு, ஹேக் போட்டியாம். போடலன்னு நிரூபிக்க யாருகிட்ட போறது? பதில் சொன்னது ஆள் இல்ல, தானா பதில் போடற ஒரு பாட் (bot), நாலு தடவையும் ஒரே பதில். லீடர் பையன் கேட்டான், "அண்ணா, இந்த கம்பெனில மனுஷங்க இருக்காங்களா?"

இப்ப மெட்டாவுக்கு வாங்க. 2021 அக்டோபர்ல ஃபேஸ்புக் கம்பெனி தன் பேரையே மெட்டான்னு மாத்தி, டிசம்பர்ல ஹொரைசன் வேர்ல்ட்ஸ்னு அவங்களோட மெட்டாவர்ஸ தொறந்தாங்க. மறு வருஷம் ஜக்கர்பர்க் ஈஃபில் டவர் முன்னாடி நிக்கற அவதார் படம் போட்டு உலகமே சிரிச்சுது, எனக்கு அதுல குறை இல்ல, கிராஃபிக்ஸ் சரி பண்ணிக்கலாம். அதே வருஷம் வெளிய வந்த ஒரு உள் மெமோ தான் எனக்கு முக்கியமா பட்டுது. நாம கட்டினதுல நம்மாளுங்களே நேரம் செலவழிக்கறதில்லையே, ஏன்னு மெட்டாவர்ஸ் பிரிவோட தலைவரே ஊழியருங்கள கேட்டிருக்காரு. இதுக்கு கோடிக்கணக்கான டாலர் கொட்டி ஆராய்ச்சி வேணாம். சம்பளம் வாங்கறவனே குடிவராத ஊருக்கு வேற யாரு குடிவருவா?

ரோஸ்டேல் 2022ல ஆலோசகரா செகண்ட் லைஃப்புக்குத் திரும்பினாரு, 2024லேந்து டெக்னாலஜி தலைமை. மொபைல் ஆப் வேலையும் நடக்குது. நம்ம பக்கம் பசங்ககிட்ட லேப்டாப் இருந்தாலும் பொழுது போறது போன்ல தான், அதனால அது நம்ம போன்ல திக்காம ஓடுதான்னு தான் நான் பாக்கணும். ஓசூர்ல, தர்மபுரில யாராச்சும் சாதா ஆண்ட்ராய்டுல போட்டுப் பாத்திருந்தா கமெண்ட்ல போன் மாடலோட சொல்லுங்க, மொரப்பூர் தம்பி கேட்டுட்டே இருக்கான்.