சாம்பிள் கேக் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை

கல்யாண கேக்குக்கு நாலு இடத்தில் சாம்பிள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த பேக்கரிடம் ஆர்டர் கொடுங்கள். அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. உங்கள் காசு, உங்கள் விசேஷம். என்னிடம் வருகிறவர்களிடம் நானே "இன்னும் ரெண்டு பேர்கிட்ட பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். பார்க்கிற வேலையை எல்லோரும் ஆசையாகச் செய்கிறார்கள். திரும்பி வந்து சொல்கிற வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. இதை எத்தனை நாள் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குவது?

"ஒரு வாய் கேக்தானே, அதுக்குப் போய் காசா?" என்று வாய் கூசாமல் கேட்கிறார்கள். ஒரு வாய் கேக்கை மட்டும் தனியாக எந்த அவனில் சுடுவது? நாலு ருசி கேட்டால் நாலு மாவு தனித்தனியாகக் கலக்க வேண்டும். ஸ்பாஞ்ச் முழுசாக ஆறாமல் கத்தி வைத்தால் பொடிந்துவிடும், அதனால் முந்தின நாளே சுட்டாக வேண்டும். கேக்மேல் பூச நான் செய்கிற பட்டர்கிரீம் என்றால், முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர் ஆவியில் வைத்துக் கிளறி, நுரைத்து ஆறுகிறவரை அடித்து, பிறகு வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். இத்தனையும் உங்கள் தட்டுக்கு வருகிற ரெண்டு அங்குலத் துண்டுக்காக. டேஸ்டிங்குக்குக் கட்டணம் வாங்குகிற பேக்கர்கள் பலர், ஆர்டர் உறுதியானால் அதை பில்லில் கழித்துவிடுகிறார்கள். கழிப்பீர்களா, மாட்டீர்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்த பிறகு "இன்னொரு இடத்துல ஃப்ரீயா குடுத்தாங்களே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பட்டர்கிரீம் கட்டியாக இருக்கும், ருசியே தெரியாது. அது இளகி, வாயில் வைத்தால் கரைகிற பதத்துக்கு வர வேண்டும் என்று நீங்கள் சொன்ன நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் வெளியே எடுத்து வைக்கிறோம். நீங்கள் ரெண்டு மணி நேரம் கழித்து ஆற அமர வந்து, "கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி இருக்கே" என்கிறீர்கள். வெட்டி வைத்த துண்டு காயாமல் வேறு என்ன செய்யும்? வர முடியவில்லை என்றால் ஒரு போன். அதுகூடவா பாரம்?

அடுத்தது கூட்டம். இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்து இறங்குகிறார்கள். கேக் வெட்டப் போகிற பெண்ணுக்கு எலுமிச்சை பிடித்திருக்கிறது. முகத்திலேயே தெரிகிறது. முள்கரண்டியை மறுபடி அந்தத் துண்டுக்கே கொண்டுபோகிறாள். பக்கத்தில் இருக்கிற பெரியம்மா "எலுமிச்சையெல்லாம் யாரு சாப்பிடுவா, சாக்லேட்டே சொல்லு" என்கிறார். அவ்வளவுதான், அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் எது கேட்டாலும் "அவங்க சொல்றபடியே பண்ணிடுங்க" என்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் பண்ணிக்கொள்கிற ரெண்டு பேர், கூட ஒருவர், அதற்கு மேல் டேஸ்டிங்குக்கு ஆள் வேண்டியதே இல்லை.

ஒரே நாளில் நாலு பேக்கரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூணாவது இடத்துக்குப் போகும்போது நாக்கில் சர்க்கரையைத் தவிர ஒன்றும் ஏறாது. அந்த மூணாவது பேக்கர் என்ன பாவம் செய்தார்? ஒரு நாளைக்கு ரெண்டு பேர் போதும். லேசான ருசியில் ஆரம்பித்து சாக்லேட், காபி மாதிரி அழுத்தமானதைக் கடைசியில் சாப்பிடுங்கள். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். அதைவிட முக்கியம், அங்கங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும், பிறகு விலை ஒன்றுதான் ஞாபகத்தில் நிற்கும்.

அந்த விலைக்கே வருகிறேன். "அங்க பாதி ரேட்தான் சொன்னாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். எதற்குப் பாதி? அவர்கள் சொன்னது எத்தனை துண்டுக்கு? 6, 8, 10 அங்குல விட்டத்தில் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் நாலு அங்குல உயரம் என்றால், கல்யாணத்தில் வெட்டுகிற சின்னத் துண்டுகளாகச் சுமார் 70 வரும். 200 பேருக்கு வேண்டும் என்கிறவருக்கு அது எப்படிப் போதும்? நடு அடுக்கு நிஜ கேக்கா, தெர்மாகோலா? உள்ளே வெண்ணெயா, தாவரக் கொழுப்பு கிரீமா? மேலே இருக்கிற பூ கையால் இதழ் இதழாகச் செய்து காயவைத்த சர்க்கரைப் பூவா, வாங்கி ஒட்டியதா? மண்டபத்துக்குக் கொண்டுவந்து அடுக்கித் தருவது விலையில் சேர்ந்ததா? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் ரெண்டு தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் ஒப்பீடா? தேதி, ஆள் கணக்கு, எவ்வளவு செலவழிக்க முடியும் என்பது, இந்த மூன்றையும் டேஸ்டிங்குக்கு முன்பே எல்லா பேக்கரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். உங்கள் பட்ஜெட் சின்னது என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதற்குள் என்ன நன்றாக வரும் என்று சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இன்னொரு இடத்தில் அட்வான்ஸே கட்டிவிட்டு "சும்மா ஒரு ஐடியாவுக்கு" என்று வந்து நாலு ருசி கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? எழுதவே கை கூசுகிறது.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது டிசைன் விஷயம். ஒரு தம்பதி வந்தார்கள். மண்டபத்தில் ஏசி கிடையாது என்றார்கள். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், அதற்கு முன்பே தொளதொளக்கும். அதனால் வெளிப்பூச்சை மாற்றினேன். உயரம் கேட்டார்கள், எனவே மேல் அடுக்குகளின் பாரம் கீழ் ஸ்பாஞ்சை நசுக்காமல் எங்கெங்கே தாங்குகுச்சி இறங்க வேண்டும் என்று யோசித்து, பூக்கள் எந்தப் பக்கம் சரிந்து இறங்கும் என்பதுவரை பென்சிலில் வரைந்தேன். அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தது. "வீட்ல காட்டணும்" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் அதே படம் என் போனுக்கே திரும்பி வந்தது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்த இன்னொரு பேக்கர். "இதுல குச்சி எத்தனை போட்டிருக்காங்கன்னு புரியல, உங்களுக்குத் தெரியுதா அக்கா?" என்று கேட்டிருந்தார். ஓரத்தில் என் கையெழுத்தில் 6, 8, 10 என்று எழுதியிருந்தது. போட்டோவில் அந்த ஓரத்தை வெட்டிவிடக்கூட மனசில்லாமல் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். அந்த பேக்கர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அது யாருடையது என்று தெரியாது. தெரிந்தே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்மேல்தான். இணையத்தில் பார்த்த படத்தை நாலு பேரிடம் காட்டி விலை கேளுங்கள், அது எல்லோரும் செய்வது. ஒருத்தி உங்களுக்காக உட்கார்ந்து யோசித்ததை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவரிடம் மலிவாகச் செய்யச் சொல்வதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேக்கர் எல்லோரும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. சாம்பிளில் நிஜ வெண்ணெய் போட்டுவிட்டு ஆர்டரில் வேறு எதையோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னென்ன பொருள், மொத்த விலை, டெலிவரி, ரத்து செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். விருந்தினர் யாருக்காவது கொட்டை வகை ஒத்துக்கொள்ளாது என்றால் முதல் போனிலேயே சொல்லுங்கள். டேஸ்டிங் மேஜையிலேயே "இப்பவே அட்வான்ஸ் கட்டு" என்று யாராவது கழுத்தைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்வி கேட்கிற வாடிக்கையாளரால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. தொல்லையெல்லாம் சிரித்துக்கொண்டே "சூப்பர், கன்ஃபார்ம் பண்ணிடறோம், தேதியைப் பிடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்களால்தான்.

அந்தத் தேதிக்கு நான் இன்னொரு ஆர்டர் எடுப்பதில்லை. கேட்டு வந்தவர்களை இல்லை என்று அனுப்பியிருக்கிறேன். வாட்ஸப்பில் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. கடைசியில் கல்யாணப் போட்டோவில் வேறு ஒருவருடைய கேக்கைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. "வேற இடத்துல குடுத்துட்டோம், நன்றி" என்று ஒரு வரி. காரணம்கூடக் கேட்க மாட்டேன். விலை ஒத்துவரவில்லை, ருசி பிடிக்கவில்லை, உங்கள் முகமே பிடிக்கவில்லை, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சொல்லிவிட்டால் அன்றைக்கே அந்தத் தேதியை இன்னொருவருக்குக் கொடுப்பேன்.

இனிமேல் அட்வான்ஸ் வராமல் எந்தத் தேதியையும் பிடித்து வைக்கப் போவதில்லை. வரைந்த படத்தை மேஜையில் வைத்துக் காட்டுவேன், போட்டோ எடுக்க விடமாட்டேன், ஆர்டர் உறுதியான பிறகு நானே அனுப்புவேன். "ரொம்பத்தான் பிகு பண்றாங்க" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.