விற்ற அம்ப்ளிஃபயரைத் திரும்ப வாங்குவது விசர் அல்ல

விற்ற பொருளையே திரும்ப வாங்குகிறவனைக் கண்டால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உமக்கென்ன விசரா? முதலே விற்காமல் இருந்திருக்கலாமே?" பாவித்த ஹைஃபை சாமான்களை, அதாவது நல்ல தரத்தில் பாட்டுக் கேட்பதற்கான அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் போன்றவற்றை, வாங்கியும் விற்றும் வருகிற எங்கள் சிறு வட்டத்தில் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காதவர் கிடையாது. அதற்கு ஒருமுறை விரிவாகவே பதில் எழுதிவிடுகிறேன். நல்ல சாமான் இந்த ஊரில் உயிரோடு இருப்பதே கை மாறிக் கை மாறித்தான். என் நிபந்தனை இரண்டே: ஊருக்குள் விற்க வேண்டும், உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், எல்லோரும் அதைத்தானே பேசுகிறார்கள். 2021இல் என் நாட் (NAD) 3020 அம்ப்ளிஃபயரை, சுருக்கமாக அம்பை, 40,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். 2023 தொடக்கத்தில் அதே அம்பை 75,000 ரூபாய்க்குத் திரும்ப வாங்கினேன். என் மைத்துனர் உடனே நட்டக் கணக்குப் பார்த்தார். நான் விற்றபோது டொலர் 200 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு அது 350ஐத் தாண்டியது. டொலரில் போட்டுப் பார்த்தால் கொடுத்ததும் வாங்கியதும் ஏறத்தாழ ஒரே விலை. இடையில் தேய்ந்தது ரூபாயே தவிர அம்ப் அல்ல.

அம்ப் தேயவில்லை என்பதோடு நிற்கவில்லை, முன்னைவிட நன்றாக வந்து சேர்ந்தது. என்னிடம் அதை வாங்கியிருந்தவர் கோண்டாவிலில் ஓர் ஆசிரியர். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற கண்டென்சர்கள் வயதாகிக் காய்ந்துபோயிருந்தன, அவை எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். மூடியின் உட்புறத்தில் கொப்பித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எதை மாற்றினார், எப்போது மாற்றினார், வால்யூம் திருகியை எப்போது துடைத்தார் என்று பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தார். அந்தத் தாளுக்கே தனி விலை கொடுக்கலாம். 1978இல் வெளிவந்த அம்ப் அது. காகிதத்தில் பக்கத்துக்கு 20 வாற்தான். ஆனால் தவில் விழுகிற அந்தக் கணத்துக்கு வேண்டிய மேலதிக சக்தியை அள்ளிக் கொடுக்கிற மாதிரி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் பளபளப்பு எதுவுமில்லாத அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை உலகமெங்கும் இன்றைக்கும் தேடுகிறார்கள். என் அலுமாரியில் சும்மா கிடந்திருந்தால் யார் அதைத் திறந்திருப்பார்கள்?

எங்கள் ஊரில் இந்தச் சாமான்கள் ஏன் அரிது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகுதான் ஜப்பான் செற்றுகள் தாராளமாக வந்தன. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்களும் கொண்டுவந்தார்கள். அந்தச் செழிப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1990இல் போரோடு மின்சாரம் போனது, பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப் பொருளானது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமமே போரில் எழுந்து கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தபோது அம்பையும் ஸ்பீக்கரையும் யார் தூக்குவது? திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவு நிலையே இருக்கவில்லை. அத்தனையையும் தாண்டி இன்று ஒரு பழைய செற் ஒரு வீட்டின் மூலையில் இருக்கிறதென்றால் அதைக் கொழும்பிலிருந்து வரும் வியாபாரியின் வான் வண்டியில் ஏற்றிவிட எனக்கு மனம் வராது. ஏற்றிவிட்டால் அது திரும்பாது. ஊருக்குள் கொடுத்தால் யார் வீட்டில் இருக்கிறதென்று தெரியும், போய்க் கேட்கலாம், ஒருநாள் திரும்பவும் கேட்டு வாங்கலாம். "இனி விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கோ" என்ற ஒற்றை வாக்கில்தான் நாங்கள் கொடுக்கிறோம், வாங்குகிறோம். அந்த வாக்கு எங்களுக்குள் இதுவரை பொய்த்ததில்லை.

உள்ளதைச் சொல்லி விற்பது பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். மாடு விற்கிறவன்கூடச் சுழியை மறைக்காமல் காட்டுவான். இங்கே "கனடாவிலிருந்து வந்தது" என்ற ஒரு வார்த்தையோடு விலை இரட்டிப்பாகிறது. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. ஜப்பான் உள்ளூர்ச் செற் என்றால் 100 வோல்ற். பின்பக்கம் வோல்ற் மாற்றும் திருகி இல்லாத செற்றை அப்படியே சுவரில் சொருகினால் முதல் நிமிடத்திலேயே புகைதான். ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற் சரியாகும், ஆனால் மின்சாரத்தின் அலைவெண் கனடாவின் 60 ஹேர்ட்ஸிலிருந்து இங்கே 50 ஆகிவிட்டதை அது சரிசெய்யாது. அந்த அலைவெண்ணைப் பிடித்து ஓடும் மோட்டர் உள்ள பழைய றெக்கோட் பிளேயரில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு 28கூடச் சுற்றாது. பாடுகிற குரல் கனத்துத் தாழ்ந்துவிடும். குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டுப்படுத்த, மோட்டரே தட்டை நேரடியாகச் சுழற்றும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் விற்கிறவர் சொல்ல வேண்டும். தெரியாதென்றால் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு விற்க வேண்டும்.

ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கழற்றியதும் உள்ளே அதிர்கிற கூம்பை, அதாவது கோனை, சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். ஃபோம் விளிம்பு எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் உளுத்துப்போய் விரலில் கறுப்பு மாவாக ஒட்டும். ரப்பர் விளிம்பு என்றால் இன்னும் பல காலம் தாங்கும். உளுத்த ஃபோமை மாற்றலாம், பெரிய வேலை இல்லை. அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: சில அம்ப்களின் பின்புறத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற முன்பகுதியையும் (பிரீஅம்ப்) ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் பகுதியையும் இணைக்கிற லாட வடிவ உலோகக் கம்பிகள் இரண்டு இருக்கும். கடற்காற்றில் அவை கறுத்துவிட்டால் ஒரு பக்கச் சத்தம் மங்கும், சில வேளை நின்றே போகும். அம்ப் செத்துவிட்டதென்று நினைத்துப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கம்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டால் முடிந்த விடயம் அது. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நெடுங்காலம் சும்மா கிடந்த செற்றை நேரே மின்சாரத்தில் கொடுக்கவும் வேண்டாம். கொக்குவிலில் எங்களுக்குத் திருத்தித் தருகிற அண்ணை, பழைய குண்டு பல்ப் ஒன்றை இடையில் தொடுத்த பிறகுதான் சுவிற்சைப் போடுவார். பல்ப் ஒருதரம் பளிச்சிட்டு மங்கினால் செற் தப்பியது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்திவிடலாம். ஒரு பல்ப்பின் செலவில் ரான்ஸ்போமர் தப்புகிறது. இப்படித் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். திருத்துகூலியில் அவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.

எதற்காக விற்கிறோம் என்றும் கேட்கிறார்கள். காது மாறுகிறது, வீடும் மாறுகிறது. எங்கள் வீடுகளில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர். பெரிய ஸ்பீக்கரின் அடிச்சத்தம் அந்தச் சிறிய அறைக்குள் மோதி மோதிக் குரலை மூடிவிடும். கடையில் கேட்டால் இது தெரியாது. உங்கள் அறையில் மாதக்கணக்கில் வைத்துக் கேட்டால்தான் தெரியும். புதிதாக வாங்கிச் சோதித்துப் பார்க்க எங்களில் யாருக்கு வசதி இருக்கிறது? பாவித்ததை வாங்கி, கேட்டு, பொருந்தாவிட்டால் வாங்கிய விலைக்கே இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் எங்கள் படிப்பு.

இப்போது என்னிடம் மூன்று வழி (கீழ், நடு, மேல் சத்தத்துக்குத் தனித்தனிக் கோன் உள்ள) ஸ்பீக்கர் சோடி ஒன்று கொடுப்பதற்கு இருக்கிறது. பெரியவை, என் அறைக்குப் பொருந்தவில்லை. வலது பக்க ஃபோம் வெடிக்கத் தொடங்கிவிட்டது, இடது பெட்டியின் கீழ் மூலையில் கறையான் அரித்த தடம் இருக்கிறது, மருந்து அடித்து அடைத்திருக்கிறேன். மற்றபடி குறை இல்லை. குடாநாட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் அம்பையும் கொண்டுவந்து ஒரு பின்னேரம் இருந்து கேட்டுவிட்டு விலை பேசுங்கள். திரும்ப விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.