முகபாவம் நல்லா கேட்டுச்சு

(ஒத்திகைக் கூடம். ட்ரம்ஸ் வாசிப்பவர் இன்னும் வரவில்லை. ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தார்கள்! மேடை ஒலியமைப்பைக் கவனிக்கும் மரகதம், மிக்சர் முன்னால் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருக்கிறார். பாலாவின் தோளில் கிட்டார், காலடியில் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சின்ன டிஜிட்டல் ஆம்ப், கையில் நாலாக மடித்த பட்டியல்.)

பாலா: முடிவு பண்ணிட்டேன்க்கா. புது ஆம்ப் 100 வாட்ஸ். அதுக்குக் கொறஞ்சதைத் தொடவே மாட்டேன்.

மரகதம்: எங்க வச்சு வாசிக்கப் போற?

பாலா: படுக்கையறைலதான்.

மரகதம்: கட்டில் அங்கயே இருக்குமா, வெளிய போட்டுடுவியா?

பாலா: மேடைக்கும் அதே ஆம்ப்தான்க்கா. வீட்டுக்கு ஒண்ணு மேடைக்கு ஒண்ணுன்னு வாங்க நமக்கு வசதி ஏது? அதான் கணக்குப் போட்டேன். 50 வாட்ஸைவிட 100 வாட்ஸ்ல சத்தம் ரெண்டு மடங்கு.

மரகதம்: கணக்கு வாத்தியார் உனக்கு முழு மார்க் போட்டுடுவாரு. காது போடாது. வாட்ஸ் ரெண்டு மடங்கானா கூடுறது வெறும் 3 டெசிபல். "லேசா ஏத்தினியா?"ன்னு கேப்பாங்க, அவ்ளோதான். காதுக்கு ரெண்டு மடங்காத் தோணணும்னா பவர் சுமார் 10 மடங்கு ஆகணும்.

பாலா: (பட்டியலில் அடித்துத் திருத்தியபடி) அப்ப 500 வாட்ஸ்.

மரகதம்: பேனாவை மூடு. ட்ரம்ஸ் பக்கத்துல நின்னு உன் சத்தம் உன் காதுல விழுறதுக்கு 12 இஞ்ச் ஸ்பீக்கர் வச்ச 50 வாட்ஸே தாராளம். கூட்டத்துக்குக் கேக்க வைக்கிறது என் வேலை. அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் நிக்குது. சரி, வீட்ல வால்யூம் எவ்ளோ வைப்ப?

பாலா: ஒண்ணுக்கும் கீழ. ஒண்ணைத் தொட்டா கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துடுவாரு.

மரகதம்: அப்ப உனக்கு வேண்டியது அரை வாட்ஸ்.

பாலா: அரை வாட்ஸா! டார்ச் லைட்டுக்கே பத்தாதேக்கா.

மரகதம்: பாஸ் கட்டானா 50 எம்கே 2ன்னு ஒரு ஆம்ப் இருக்குல்ல, அதுலயே ஒரு ஸ்விட்ச் கொடுத்திருக்கான். 50, 25, 0.5. வீட்ல அரைக்குத் திருப்பு, மேடைல அம்பதுக்குத் திருப்பு. கீழ் வீட்டுக்காரருக்கும் முட்டிவலி மிச்சம்.

பாலா: ஆனா அது நடிச்சுக் காட்டற ஆம்ப் வகை அஞ்சே அஞ்சுதான்க்கா அந்தக் குமிழ்ல! அகூஸ்டிக், க்ளீன், க்ரஞ்ச், லீட், பிரவுன். நான் எழுதி வச்சிருக்கறதுல பாருங்க, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல இருக்கு.

மரகதம்: போன நிகழ்ச்சில எத்தனை பாட்டு வாசிச்ச?

பாலா: பத்து.

மரகதம்: பத்துக்கும் சேத்து எத்தனை சவுண்ட் மாத்தின?

பாலா: மாத்தலாம்னுதான் தேடிட்டிருந்தேன். அதுக்குள்ள நிகழ்ச்சி முடிஞ்சிடுச்சு.

மரகதம்: தேடினதை நானும் பாத்தேன். ரெண்டாவது பாட்டுல பல்லவி முழுக்கக் குனிஞ்சே இருந்த. கூட்டத்துல ஒருத்தர் வந்து, அந்தத் தம்பி ஏதாவது தொலைச்சிட்டாரான்னு என்கிட்டக் கேட்டாரு.

பாலா: வேற ஆம்ப் மாதிரி நடிக்கற அந்த மாடலிங்கே வேணாம்க்கா. பேசாம கண்ணாடிக் குழல் வச்ச நிஜ வால்வ் ஆம்ப் ஒண்ணு வாங்கிடறேன்.

மரகதம்: வாங்கு. அதோட ருசியே வால்யூமை ஏத்தி வால்வைத் திணற வச்சாத்தான் வரும். கீழ் வீட்டுக்காரர் இந்தத் தடவை தனியா வரமாட்டாரு, தெருவையே கூட்டிட்டு வருவாரு. அந்தத் திணறலைக் கணக்காப் போட்டு, சத்தம் கம்மியா இருக்கும்போதே வர வைக்கிறதுக்குத்தாண்டா மாடலிங்கே வந்துச்சு. 1996ல லைன் 6 கம்பெனி ஆக்சிஸ் 212ன்னு ஒரு ஆம்ப் போட்டான். 1998ல அதே வேலையை ஸ்பீக்கர் இல்லாம மேசை மேல வைக்கிற சின்ன சிவப்புப் பெட்டியா ஆக்கிட்டான். அதுலேருந்து ஆரம்பிச்சதுதான் உன் பட்டியல்ல இருக்கற அத்தனையும்.

பாலா: கெம்பர் வேற மாதிரியாமே?

மரகதம்: ஆமா, ஜெர்மனிக்காரங்களோடது. நிஜ ஆம்ப் முன்னாடி மைக் வச்சு, சோதனைச் சத்தங்களை அதுக்குள்ள அனுப்பி, திரும்பி வர்றதை அளந்து அந்த ஆம்பையே பிரதி எடுத்துக்கும்.

பாலா: (காலடியில் இருப்பதைக் காட்டி) அப்ப இதையும் பிரதி எடுக்கலாமா?

மரகதம்: எடுக்கலாம். உலகத்துல ஒண்ணு இருக்கறது போதாதா?

(சிறிது மௌனம். பாலா பட்டியலைத் திருப்பிப் பார்க்கிறான். பின்பக்கமும் எழுதியிருக்கிறது.)

பாலா: ஸ்பார்க் 40?

மரகதம்: வீட்டுக்கு நல்ல சாமான். 40 வாட்ஸ், ஆனா உள்ள இருக்கறது 4 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு. ட்ரம்ஸ் பக்கத்துல வச்சா காணாமப் போயிடும். அதோட ஆப்ல ஒரு வசதி இருக்கு. நீ கொஞ்சம் வாசிச்சுக் காட்டினா, அதுவே பேஸும் ட்ரம்ஸும் போட்டுக் கூட வரும்.

பாலா: அந்த ட்ரம்மர் நேரத்துக்கு வருவாரா?

மரகதம்: நீ ஆரம்பிச்ச உடனே வந்துடுவாரு.

பாலா: (வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு) அவரையே மேடைக்குக் கூட்டிட்டு வந்துட முடியாதா?

மரகதம்: சம்பளமும் கேக்க மாட்டாரு. ஆனா யமஹா டிஹெச்ஆர் மாதிரி இதுவும் வீட்டுக்குள்ள உக்காந்து வாசிக்கறதுக்குன்னே செஞ்சது. மேடைக்கு இழுத்துட்டு வந்து அதைத் திட்டக் கூடாது.

பாலா: வீட்ல ராத்திரி ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கிட்டா எந்த ஆம்பா இருந்தாலும் ஒண்ணுதானேக்கா?

மரகதம்: மாட்டிப் பாத்தியா?

பாலா: பாத்தேன். நான் அடிச்சு முடிச்ச அப்புறம் யாரோ அதையே வாசிக்கற மாதிரி இருந்துச்சு. என்னைவிட நல்லா வாசிச்சாரு.

மரகதம்: ப்ளூடூத்ல போற சத்தம் நூறு, இருநூறு மில்லி செகண்ட்கூட பிந்தி வரும். ஆம்ப்ல ப்ளூடூத் கொடுத்திருக்கறது ஃபோன்ல பாட்டைப் போட்டுக் கூட வாசிக்கத்தான். நீ வாசிக்கறதைக் கேக்கணும்னா வயர் வச்ச ஹெட்போன் போடு.

பாலா: அந்த டிஜிட்டல் ஆம்ப்லயே தாமதம் இருக்காமே! 3 மில்லி செகண்ட் எல்லாம் கை உணரும்னு படிச்சேன்.

மரகதம்: 3 மில்லி செகண்ட்ல சத்தம் ஒரு மீட்டர் போகும். ஆம்பை விட்டு ஒரு எட்டு தள்ளி நின்னாலே அந்தத் தாமதம் வந்தாச்சு. பாட்டுக்குப் பாட்டு நீ அரை நொடி முன்னால பாயுற. மூணு மில்லி செகண்டுக்கு அழாதே.

பாலா: சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. வீட்ல மணிக்கணக்கா உக்காந்து குமிழ் ஒவ்வொண்ணாத் திருப்பி, ஒரு பட்டன்ல சேமிச்சு வைக்கற மாதிரி ஒரு ப்ரீசெட் செதுக்கினேன். அடியில கும்முன்னு பேஸ், மேல கண்ணாடி உடையற மாதிரி ட்ரெபிள், மிட் சுத்தமா பூஜ்யம். அப்படி ஒரு சவுண்ட்! மேடைல அதே ப்ரீசெட், அதே கிட்டார். எனக்கே கேக்கல.

மரகதம்: கேக்காதுடா. 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு பெல் ஆய்வகத்துல அளந்து எழுதி வச்சுட்டாங்க. சத்தம் மெதுவா இருக்கும்போது அடியும் உச்சியும் மனுஷக் காதுல சரியா விழாது. அதனால வீட்ல நீ ரெண்டையும் ஏத்தி ஏத்தி வைப்ப. மேடைல வால்யூம் ஏறினதும் அந்த ரெண்டும் கட்டவிழ்ந்து வெளிய வரும். வந்தா அங்க இடமிருக்கா? அடியில பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் உக்காந்திருக்கு. மேல சிம்பல். கிட்டாருக்குன்னு மிச்சமிருக்கற ஒரே எடம் நடுவுல, மிட்ல. அதை நீயே பூஜ்யம் பண்ணிட்டு வந்துட்ட. அன்னிக்குக் கூட்டத்துக்குப் போய்ச் சேந்தது உன் முகபாவம் மட்டும்தான்.

பாலா: அதான் எல்லாரும் வந்து முகபாவம் பிரமாதம்னு சொன்னாங்களா!

மரகதம்: நடுவுல ஒரு தடவை உன் ஃபோன் ப்ளூடூத் வழியா ஆம்ப்லயே அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?

பாலா: அம்மா கூப்பிட்டாங்க.

மரகதம்: அன்னிக்கு உன் பக்கத்துலேருந்து மிட்டோட வந்த ஒரே சத்தம் அதுதான். தெளிவா கேட்டுச்சு. கடைசி வரிசைல ஒருத்தர் பையைத் துழாவினாரு.

(பாலா ஃபோனை எடுத்து ப்ளூடூத்தை அணைக்கிறான். காலம் கடந்த நடவடிக்கைதான், இருந்தாலும் பாராட்டலாம்.)

பாலா: அப்ப மேடைக்கு என்னதான் பண்ணணும்?

மரகதம்: மேடைக்குன்னு தனி ப்ரீசெட் வை. அதை வீட்ல செதுக்காதே. இங்க வந்து, ட்ரம்ஸும் பேஸும் ஓடும்போது, மேடைல வர்ற அளவுக்கு வால்யூமை ஏத்தி வச்சு சரி பண்ணு. பேஸைக் கொற, மிட்டை ஏத்து, அந்தக் கரகரப்பு, டிஸ்டார்ஷன், அதை நீ நெனக்கறதுல பாதி வை. தனியா கேட்டா அசிங்கமா இருக்கும். மத்த வாத்தியங்களோட கேட்டா அதுதான் நிக்கும்.

பாலா: அசிங்கமா இருக்கணும்னு நீங்களே சொல்றீங்க.

மரகதம்: தனியா கேக்க நீ என்ன தனிக் கச்சேரியா பண்ற? இன்னொண்ணு. ஆம்ப்லேருந்து எனக்கு நேரா லைன் கொடுக்கும்போது ஸ்பீக்கர் பெட்டி மாதிரி நடிக்கற கேபினட் சிமுலேஷன் ஓடுதான்னு பாரு. கிட்டார் ஸ்பீக்கர் இருக்கே, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெரும்பாலும் வடிகட்டிடும். அந்த வடிகட்டல் இல்லாம டிஸ்டார்ஷனை என் மிக்சருக்கு அனுப்பினா குளவிக்கூட்டைக் கலைச்ச மாதிரி வரும்.

பாலா: அப்ப எப்பவும் போட்டே வச்சிடறேன்.

மரகதம்: அதையே நிஜ கிட்டார் கேபினட்ல சொருகினா ரெண்டு தடவை வடிகட்டி மொத்தமும் மந்தமாயிடும். எங்க போகுதோ அதுக்குத் தகுந்த மாதிரி போடு. அப்புறம், சின்ன ஆம்ப் பலதுல ஹெட்போன் துளையும் ரெக்கார்டிங் அவுட்டும் ஒண்ணுதான். அதுல சொருகினா ஸ்பீக்கர் வாயை மூடிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி என் மிக்சருக்கு அனுப்பற துளை, லைன் அவுட், தனியா இருக்கான்னு பின்பக்கம் திருப்பிப் பாரு. எல்லாரும் முன்பக்கக் குமிழைத்தான் எண்றாங்க.

பாலா: ஆம்பே வேணாம்னு ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ் மாதிரி தரைல வச்சு மிதிக்கறதை வாங்கி நேரா உங்களுக்கே கொடுத்துட்டா?

மரகதம்: எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்ல. உன் சத்தம் முழுக்க என் விரல்ல இருக்கும்.

பாலா: அதான் பயமா இருக்கு. முதுகுக்குப் பின்னாடி ஆம்ப் இருந்து தட்டணும்க்கா. அப்பத்தான் கை ஓடும்.

மரகதம்: தட்டணும்னா தூக்கணும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்பை நீ தூக்கினதில்லை, நான் தூக்கியிருக்கேன். வால்வ் வச்சது 29 கிலோ. 2019ல அதையே டோன் மாஸ்டர்னு டிஜிட்டலா போட்டாங்க, சுமார் 15 கிலோ. வால்வ் ஆம்ப் 85 வாட்ஸ்ல பண்ற வேலையைப் பிசிறில்லாமப் பண்ணணும்னு உள்ள 200 வாட்ஸ் வச்சிருக்கான்.

பாலா: 200 வாட்ஸா! இதை ஏன் முதல்லயே சொல்லல? உள்ள எத்தனை ஆம்ப் இருக்கு?

மரகதம்: ஒண்ணு.

பாலா: ஒண்ணா? ஒரே ஒரு ஆம்பை நடிக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?

மரகதம்: அதனாலதான் நல்லா நடிக்குது. அதை வாங்கினவன் மேடைல குனிஞ்சு எதையும் தேடினதை நான் பாத்ததில்ல.

(பாலா பட்டியலில் ஒவ்வொரு வரியாக அடிக்கிறான். கடைசியில் 'பவரைக் குறைக்கிற ஸ்விட்ச், 12 இஞ்ச், லைன் அவுட்' என்று எழுதுகிறான். பட்டியலிலேயே ஆம்ப் பெயர் இல்லாத ஒரே வரி அதுதான், உருப்படியான வரியும் அதுதான்.)

மரகதம்: சரி, ட்ரம்மர் வர்றதுக்குள்ள கிட்டாரையாவது சுருதி சேத்து வை. அஞ்சாவது கம்பி எறங்கியிருக்கு.

பாலா: ட்யூனர் எடுத்துட்டு வரலைக்கா.

மரகதம்: உன் ஆம்ப்லயே இருக்கே. அந்த ஓரத்துப் பட்டனை அமுக்கிப் பிடி.

பாலா: இதையா? இது ட்யூனர் இல்லக்கா, இது ஒரு ப்ரீசெட். கம்பியைத் தட்டினா பச்சை, சிவப்புன்னு லைட் மட்டும் ஓடும், சத்தமே வராது. ரொம்ப மென்மையான டோன்.

மரகதம்: (வயரைக் கீழே போட்டுவிட்டு) இதுல வாசிச்சுக்கிட்டா இருந்த?

பாலா: ராத்திரில எல்லாம் இதுலதான். நான் வாசிச்சதுலயே இதுதான் உசத்தின்னு கீழ் வீட்டுக்காரரே சொன்னாரு.