கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை

கணித மாதிரிகள், அதாவது நோய்ப் பரவல் போன்றவற்றைச் சமன்பாடுகளால் விவரிக்கும் முறைகள், உலகை அளவுக்கு மீறி எளிமைப்படுத்துகின்றன, அதனால் நம்பத் தகுந்தவை அல்ல என்கிறார் அவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரையை எழுதியவர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எளிமைப்படுத்துவதுதான் அவற்றின் பலமே!

மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் கண்டறிந்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ். கொசுக்களைக் குறைத்தால் மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம் என்றார் அவர். எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க முடியாதே, பிறகு என்ன பயன் என்பதுதான் அன்றைய பெரிய ஆட்சேபம். அவர் சமன்பாடு போட்டுப் பார்த்தார். கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினாலே நோய் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும் என்று தெரிந்தது. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்குமா?

எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்ற கணக்கும் இதே வழியில் வந்ததுதான். ஒரு நோயாளி சராசரியாக 4 பேருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நால்வரில் மூவருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் தொற்று ஒருவருக்குத்தான் போகும். எனவே எதிர்ப்பாற்றல் உள்ளவர்கள் மக்கள்தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் பரவல் சுருங்கத் தொடங்கும்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளர் பக்கம் நிற்கிறேன். அனுமானங்களை மறைத்துவிட்டு முடிவை மட்டும் அறிவிப்பது பெரும் தவறு. மேலே உள்ள கணக்கிலேயே, எல்லோரும் எல்லோரோடும் ஒரே அளவில் பழகுகிறார்கள் என்ற அனுமானம் இருக்கிறது. பள்ளிக் குழந்தையும் தனியே வாழும் முதியவரும் அப்படியா? அதனால்தான் வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரிகள் வந்தன. அடுத்த கட்டுரையில் அவற்றைப் பற்றியும் எழுதுங்கள்.